அலறுவதற்கு மட்டுந்தானா நாம்?

‘திகில் படம் ஒன்றுக்கு முன்னோட்டம் எடுக்கப் போகிறோம்’ என்று அறிவித்த மாத்திரத்தில் வகுப்பில் எழுந்த முதல் கேள்வி, ‘சாகப் போவது யார்?’ என்பதுதான். கதை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேமராவை யார் பிடிப்பது என்றும் கேட்கவில்லை. சாகப் போகிறவள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமே எழவில்லை. அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டிருக்க வேண்டும். வெள்ளை உடை உடுத்தியிருக்க வேண்டும். மெல்லத் திரும்பிப் பார்க்க வேண்டும். பிறகு அலற வேண்டும். தோழியர் இருவர் உடனே அலறியும் காட்டினர். பக்கத்து வகுப்பிலிருந்து ஆசிரியை ஓடி வந்ததுதான் கண்ட பலன்!

சிரிப்பு அடங்கிய பிறகு எங்கள் குழுவினருக்கு ஒன்று நெருடியது. இது பெண்கள் மட்டுமே பயிலும் பள்ளி. கதை எழுதப் போகிறவர்கள் பெண்கள். நடிக்கப் போகிறவர்களும் படம் பிடிக்கப் போகிறவர்களும் பெண்களே. அப்படியிருந்தும், ‘திகில்’ என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவள் அலறும் பெண்தான் என்றால், அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் யார்? இவ்வினாவை ஒட்டி எழுந்த எங்கள் கருத்துகளைத் தோழியர் முன் வைக்கிறோம். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை.

முதலில் முன்னோட்டம் என்பதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ‘டிரெய்லர்’ என்று பெயர். பின்னால் இழுபட்டு வருவது என்பது அதன் பொருள். பின்னால் வருவதற்கு நாம் ‘முன்னோட்டம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறோமே, இது என்ன விந்தை என்று தோன்றுகிறதன்றோ? தொடக்கத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் இத்துண்டுப் படங்கள் முழுப்படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டன. 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் லோ திரையரங்குகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட் என்பவர், மேடை இசை நாடகம் ஒன்றுக்கு விளம்பரமாக அதன் ஒத்திகைக் காட்சிகளைத் திரையில் காட்டினார். இதுவே முதல் முன்னோட்டம் என்று சொல்வார்கள். படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று கண்ட பிறகுதான், பின்னால் வந்தது முன்னால் வந்து சேர்ந்தது. நம் ஊர்ப்பக்கம் இதே வேலையை மாட்டுவண்டி செய்ததாக எங்கள் ஆயாக்கள் சொல்கிறார்கள். வண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, மேளம் கொட்டி, வண்ண வண்ண நோட்டீசுகளை வீசிக்கொண்டு போவார்களாம். நோட்டீசின் கடைசி வரியில் கதையைப் பாதி சொல்லி, ‘மீதியை வெள்ளித் திரையில் காண்க’ என்று முடித்திருப்பார்களாம். முன்னோட்டக் கலை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது என்பது எங்கள் எண்ணம். எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிந்தவரே நல்ல முன்னோட்டம் எடுக்க வல்லவர்.

இதற்குச் சிறந்த சான்றாக ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960ஆம் ஆண்டில் தம் ‘சைக்கோ’ படத்திற்கு எடுத்த முன்னோட்டத்தைச் சொல்லலாம். ஆறு நிமிடங்களுக்கு மேல் ஓடும் அதில், இறுதிக் கணம் தவிர, படத்தின் கதைமாந்தர் எவரும் தோன்றுவதில்லை. இயக்குநரே வருகிறார். வீடு பார்க்க வந்தவர்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டும் தரகரைப்போல், விடுதியையும் அதன் பின்னேயுள்ள பழைய வீட்டையும் சாவதானமாகச் சுற்றிக்காட்டுகிறார். மாடிப்படியருகே நின்று ஏதோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார். சுவரிலுள்ள ஓவியத்தைச் சுட்டுகிறார். அது முக்கியமானது என்கிறார். ஏன் என்று சொல்லாமலே நகர்ந்துவிடுகிறார். இரத்தமில்லை, ஓட்டமில்லை, பேரிசை முழக்கமில்லை. வெறும் படிக்கட்டும் கதவும் நம்மை நடுங்க வைக்கின்றன. இடமே அச்சத்தை உண்டாக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியதில்லை.

ஆனால் கடைசியில் என்ன நடக்கிறது? அவர் குளியலறைத் திரையை விலக்குகிறார். ஒரு பெண் அலறுகிறாள்! படத்தில் அந்த இடத்தில் நடித்தவர் ஜேனட் லீ. முன்னோட்டத்தில் அலறுபவரோ வேறொரு நடிகையான வேரா மைல்ஸ். அலறுவதற்கு எந்தப் பெண்ணாயினும் சரி, ஒரு பெண்ணாக இருந்தால் போதும் என்பதல்லவா இதன் பொருள்? ஆறு நிமிடம் அத்தனை நயமாக நடத்திச் சென்ற கலைஞருக்கும் முத்தாய்ப்புக்கு வேறு வழி தோன்றவில்லை.

தமிழில் வேறு வழி கண்டவர்கள் உண்டு. 1954ஆம் ஆண்டில் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைத் தோழியர் சிலரேனும் பார்த்திருப்பீர்கள். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. வீணைக் கலைஞராகப் புகழ்பெற்ற ஒருவர் பாட்டில்லாத படமெடுத்தது இன்னொரு வியப்பு. படம் தொடங்கியதுமே ஒருவர் சுடப்பட்டு வீழ்கிறார். வீழ்பவர் யார் தெரியுமா? கதாநாயகன் சிவாஜி கணேசனேதான்! சுட்டவர் யார் என்பதைத்தான் மீதிப் படம் தேடுகிறது. விடையை இங்கே சொல்லமாட்டோம். அதில் பண்டரிபாய் ஏற்ற பாத்திரத்தைக் கூர்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்வோம். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் செய்து காட்டிவிட்டதை, இன்று கையடக்கக் கருவியில் படமெடுக்கும் நாம் ஏன் மறக்க வேண்டும்?

இனி நம் செஞ்சிக்கு வருவோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் இணைத்து மதில் வளைத்த ஊரில் பிறந்துவிட்டு, திகிலுக்கு இடம் தேடி அலைவார் உண்டோ? இராஜகிரியின் உச்சிக்கருகே பாறைப் பிளவின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் ஒரு படையே வந்தாலும் உள்ளே நுழைய முடியாது. சக்கரகுளத்தருகே ‘கைதிக் கிணறு’ இருக்கிறது. பாறையொன்றில் இயற்கையாக அமைந்த குடைவு அது. மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டனர் என்பது வழிவழி வரும் செய்தி. எங்கள் குழுவில் பெரும்பாலோர்க்கு அந்தக் கிணற்றின்மேல்தான் கண். ‘உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரணும்டி’ என்றாள் ஒருத்தி. அந்தக் கை வளையல் அணிந்த கையாக இருக்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி.

இதில்தான் எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. அந்தக் கிணற்றில் மடிந்தவர்கள் கதை மாந்தர்கள் அல்லர். பெயர் தெரியாவிட்டாலும் அவர்களுக்கும் தாய் தந்தையர் இருந்திருப்பர். இரண்டு நிமிடப் பரபரப்புக்காக அங்கே ஒரு பிளாஸ்டிக் வளையலைக் கொண்டுபோய் நீட்டுவது தகுமா என்று சிலர் கேட்டோம். ‘வரலாற்றுப் படங்களில் போர்க்களத்தைக் காட்டவில்லையா?’ என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், போர்க்களத்தைக் காட்டுகிற படம் அங்கே என்ன நடந்தது என்று சொல்ல முயல்கிறது. வளையல் கையோ அங்கே நடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நடந்ததன்மேல் ஏறி நின்று கைதட்டல் கேட்கிறது. கிணற்றை விட்டுவிடுவது என்று வாக்கெடுப்பில் முடிவாயிற்று. ஒரேயொரு வாக்குதான் வேறுபாடு!

செஞ்சிக் கதைகளில் பெண்ணின் இடம் எது என்றும் அப்போது பேசினோம். தேசிங்கு ராஜனை அறியாதார் இல்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருது 1714ஆம் ஆண்டில் தம் 22ஆம் வயதில் மாண்டவர். அவர் கதை கதைப்பாடலாகப் பாடப்பட்டது, எம்.ஜி.ஆர். நடிக்க 1960இல் திரைப்படமாகவும் வந்தது. அவருடைய இளம் மனைவி ராணிபாய் சிதையில் ஏறினார் என்பதோடு கதை முடியும். இராணிப்பேட்டை என்னும் ஊருக்குப் பெயர் வந்ததே அவர் நினைவாகத்தான் என்பர். அவர் என்ன நினைத்தார், என்ன பேசினார் என்று நாம் கேட்ட கதைகளில் யாரேனும் சொன்னதுண்டா? தீயில் இறங்கும் ஒரு காட்சிக்காகவே அவர் கதைக்குள் வருகிறார்.

ஆனால் செஞ்சியோடு தொடர்புடைய இன்னொரு பெண் உண்டு. அவரை நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. 1689ஆம் ஆண்டில் சத்ரபதி சிவாஜியின் மகன் இராஜாராம், ஒளரங்கசீப்பின் படைகளிடமிருந்து தப்பி, மாறுவேடத்தில் தெற்கு நோக்கி வந்தார். அவர் வந்து சேர வேண்டிய இடம் நம் செஞ்சிக் கோட்டை. வழியில் அவருக்கு அடைக்கலம் தந்தவர் கன்னட நாட்டின் கெளடியை ஆண்ட அரசி சென்னம்மா. அடைக்கலம் தந்ததற்காக மொகலாயப் படை அவர்மேல் பாய்ந்தது. அவர் எதிர்த்து நின்றார். இராஜாராம் செஞ்சியை அடைந்து, சுல்பிகார் கான் முற்றுகையிட்டும் 1698 வரை கோட்டை வீழாமல் நின்றது. மாறுவேடம், துரத்தல், காட்டுவழி, இரகசியம் காக்கும் அரசி! இதைவிடப் பெரிய திகில் கதை வேறென்ன வேண்டும்? இதில் எந்தப் பெண்ணும் அலறவில்லை.

அந்தக் கதையையே எடுத்துவிடலாம் என்று தோன்றியது உண்மைதான். குதிரைக்கும் வாளுக்கும் எங்கே போவது? எனவே எங்கள் கைக்கு எட்டியதைக் கற்பனை செய்தோம். வரலாற்றுப் பாடத்துக்காக மூன்று மாணவியர் மலைப்படிகளை எண்ணுகிறார்கள். ஏறும்போது ஓர் எண்ணிக்கை; இறங்கும்போது ஒன்று கூடுகிறது. மீண்டும் எண்ணுகிறார்கள், மீண்டும் ஒன்று கூடுகிறது. அப்போது ஒருத்தி பாறையில் விழுந்த தங்கள் நிழல்களைப் பார்க்கிறாள். மூன்று பேருக்கு நான்கு நிழல்கள்! ‘நான்காவது நிழல்’ என்பதே படத்தின் பெயர். முழுப்படம் இல்லை, முன்னோட்டம் மட்டுமே. ஆகவே நான்காவது நிழல் யாருடையது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் எங்களுக்கு இல்லை!

செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது என்பதையும், 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்னும் 12 கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது என்பதையும் தோழியர் அறிவீர்கள். மற்றப் பதினொன்றும் மராட்டிய மாநிலத்தவை. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது நம் கோட்டை ஒன்றே. இத்தகைய இடத்தில் திரைப்படம் எடுக்க, 1959ஆம் ஆண்டு விதிகளின்படி முன்கூட்டியே விண்ணப்பித்து உரிமம் பெற வேண்டும். அது சரியான விதிதான். பள்ளி மாணவியர் நால்வருக்காக அதைத் தளர்த்தினால் நாளை நானூறு பேர் வருவார்கள். எனவே கோட்டைக்குள் கேமராவை எடுத்துச் செல்வதில்லை என்று தீர்மானித்தோம். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக ஏறினோம். படிகளின் உயரம், வளைவு, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்பனவற்றையெல்லாம் வரைந்து கொண்டோம். (கொண்டுபோன புளிசாதத்தைக் குரங்குகள் வாங்கிக்கொண்டது வரைபடத்தில் இல்லை.)

படம் பிடித்ததோ ஊருக்கு வெளியே, பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு அப்பால் உள்ள பாறைக் குன்றுகளில். செஞ்சியைச் சுற்றிப் பாறைக்குப் பஞ்சமா? தொலைவில் இராஜகிரி தெரியும்படி நின்று ஒரு காட்சி எடுத்தோம். மற்றப் படிக்கட்டுகள் நம் பள்ளியின் பின்புறப் படிக்கட்டுகளே. பார்த்தவர்கள் எல்லாரும் கோட்டைக்குள் எடுத்ததாகவே நினைத்தார்கள். ஹிட்ச்காக் காட்டாமல் விட்டதைப் பார்ப்பவர் மனமே நிரப்பிக் கொண்டதுபோல், நாங்கள் நுழையாத கோட்டைக்குள் அவர்களே நுழைந்துவிட்டார்கள்.

நிழலைப் பற்றி ஒரு வார்த்தை. காலை எட்டு மணிக்குள் எடுத்தால்தான் நிழல் நீண்டு விழும்; பத்து மணிக்கு அது காலடியில் சுருண்டுவிடும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னே மூவர் நடக்க, பின்னே கேமரா பிடிப்பவள் நடந்தால், நால்வர் நிழலும் எதிரேயுள்ள பாறையில் விழும். ஆம்! நான்காவது நிழல், கேமராவைப் பிடித்திருந்த எங்கள் தோழியின் நிழல்தான். தந்திரக் காட்சி எதுவும் இல்லை. கைகளை உயர்த்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால், கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் நடக்க வேண்டியிருந்தது. பள்ளியில் நமக்குக் கைப்பேசி அனுமதி இல்லையாதலால், ஆசிரியை ஒருவர் தம்முடையதைக் கொடுத்து உதவினார். நடுவில் இரண்டுமுறை அவர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது வேறு கதை.

ஓசைக்குத்தான் அதிகம் உழைத்தோம். மலைக்காற்றில் எடுத்த ஒலி எதுவும் பயன்படாது என்பதால், எல்லாவற்றையும் வகுப்பறையிலேயே உண்டாக்கினோம். காலடி ஓசைக்கு வேர்க்கடலைத் தோலைத் தாம்பாளத்தில் பரப்பி மிதித்தோம். காற்றின் ஊளைக்கு மண்பானை வாயில் ஊதினோம். பாறை நகரும் ஓசைக்கு அம்மிக்கல்லின்மேல் குழவியை இழுத்தோம். எண்ணிக்கை சொல்லும் குரலை மட்டும் மெல்லிய குரலுடைய ஒருத்தி, உணர்ச்சியே இல்லாமல், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ‘ஒரு கோட்டை... ஒரு மர்மம்...’ என்று கட்டைக்குரலில் முழங்கும் வழக்கமான அறிவிப்பை எழுதி வைத்திருந்தோம், ஒட்டிப்பார்த்ததும் வெட்டிவிட்டோம். நான்கு நிழல் தெரிந்த பிறகு மூன்று விநாடி திரை முழுதும் இருட்டு. அந்த இருட்டில் எண்ணும் குரல் மட்டும் அடுத்த எண்ணைச் சொல்கிறது. அவ்வளவுதான் முடிவு.

‘ஓர் அலறல்கூட இல்லாவிட்டால் திகில் படம் என்று எப்படித் தெரியும்?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டார். காலை வழிபாட்டுக்குப்பின் திரையிட்டபோது அந்த மூன்று விநாடி இருட்டில் முன்வரிசை ஆறாம் வகுப்புக் குழந்தைகள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டதைப் பார்த்தோம். அதுவே எங்கள் விடை.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இந்த முன்னோட்டத்தில் எவர் முகமும் தெரியாது. முதுகு, பாதம், பென்சில் பிடித்த விரல், நிழல், இவ்வளவே தெரியும். பார்த்தவர்கள், ‘முகத்தைக் காட்டாதது எத்தனை நயம்!’ என்று பாராட்டினார்கள். உண்மையில் அது நயத்துக்காகச் செய்ததன்று. நடித்தவர்களில் இருவர் வீட்டில், ‘பெண்பிள்ளை முகம் படத்தில் வந்தால் நாளைக்கு யார் யார் கைக்குப் போகுமோ’ என்று அஞ்சி, முகம் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். இருவர்க்காக எல்லாருமே முகத்தை மறைத்துக் கொண்டோம்.

பெற்றோரின் அச்சம் வீணானது என்று நாங்கள் சொல்லமாட்டோம். பெண்ணின் படத்தை எடுத்து வெட்டியும் ஒட்டியும் இழிவு செய்யும் கயவர்கள் இருக்கிறார்கள். இன்று அதற்கான கருவிகளும் பெருகிவிட்டன. ஆனால் கயவர்கள் இருப்பதற்காக மறைய வேண்டியது எங்கள் முகமா என்பதே கேள்வி. மறைத்ததால் படம் சிறந்தது என்பதும் மெய்தான். அதை எடுத்துக்காட்டி, ‘பார்த்தீர்களா, மறைந்திருப்பதே உங்களுக்கு அழகு’ என்று யாரேனும் சொல்ல வந்தால் அதை ஏற்கமாட்டோம். நிழல் கதைக்காக வந்தது. முகம் அச்சத்தால் போயிற்று. இரண்டும் ஒன்றல்ல. மூன்று மாணவியரில் ஒருத்தி, எண்ணிக்கை தவறியதும் திரும்பி நம்மைப் பார்க்கும் காட்சி ஒன்றைத் தாளில் வரைந்து வைத்திருந்தோம். அவள் கண்ணில் பயம் இராது. ‘இதை விடமாட்டேன்’ என்னும் பிடிவாதம் இருக்கும். எங்கள் கதை முழுதும் அந்தப் பார்வையில்தான் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை.

இந்த மலரைப் படிக்கும் அன்னையர்க்கும் தந்தையர்க்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். பள்ளியின் கணினியை விட்டு வெளியே போகாது, நம் அரங்கில் மட்டும் திரையிடப்படும் என்று எழுத்தில் உறுதி தந்தால், அந்த ஒரு காட்சிக்கு இசைவு தருவீர்களா? உறுதிக் கடிதத்தை நாங்களே எழுதித் தலைமைச் சகோதரியிடம் கையொப்பத்துக்குக் கொடுத்திருக்கிறோம். நடிக்க வேண்டியவள் இப்போதும் ஆயத்தமாகவே இருக்கிறாள். அவள் பதினோராம் வகுப்பு. இன்னும் ஓராண்டு நம்மோடு இருப்பாள்.

அடுத்த ஆண்டு இப்பணியை ஏற்கும் தங்கைகளுக்கு ஒரு செய்தி: வேர்க்கடலைத் தோலை மழைக்கு முன்பே சேர்த்து டப்பாவில் அடைத்து வையுங்கள். ஈரம் பட்டால் ஓசை வராது.